கோணல் அறையைச் செவ்வகமாக்காதீர்கள்: பழைய கட்டட அளவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிவில் டிப்ளமோவோ பி.ஆர்க்கோ படித்துவிட்டு, பழைய கட்டடங்களை அளந்து பாதுகாக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறோம். கண்ணைப் பழக்க வெளியூர் போக வேண்டியதில்லை. ராயக்கோட்டை மலைக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டை, தர்மபுரி கோட்டைக் கோயில், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. நோட்டு மறப்பது, டேப் தொய்வது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. பின்னால் சரிசெய்ய முடியாத தவறுகள் மட்டும் இங்கே.

கோணலை நேராக்கி வரைவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தவிர்க்க ஐந்து நிமிடம் போதும் என்பதுதான் காரணம்.

ஒரு பழைய ஓட்டு வீட்டின் உள்ளறையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டு 6 மீட்டர், மற்ற இரண்டு 4 மீட்டர். பயிற்சிக்கு வந்தவர் நான்கையும் ஒழுங்காக அளக்கிறார். கணினியில் படம் வரையும் ஆட்டோகேடில் எஃப்8 தட்டி, கோடுகளை நேர்கோணத்தில் மட்டுமே போக விடும் ஆர்த்தோவில் ஒரு செவ்வகம் போடுகிறார். நான்கு அளவும் சரி, படம் தப்பு. மூலை 90 டிகிரி இல்லை, 88.5. ஒன்றரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 4 மீட்டர் போய்ச் சேரும்போது சுவர் 10.5 செ.மீ. தள்ளி நிற்கும். மூலைக்கு மூலை டேப் பிடித்திருந்தால் ஒன்று 7.30, மற்றது 7.12 என்று காட்டிக்கொடுத்திருக்கும். உண்மையான செவ்வகத்தில் இரண்டும் 7.21 வர வேண்டும்.

அந்த 10.5 செ.மீ. காணாமல் போகாது. பக்கத்து அறையையும் இதேபோல் செவ்வகமாகப் போட்டதும், நடுச்சுவரின் தடிமனில் போய் ஒளிந்துகொள்ளும். 45 செ.மீ. சுவர் படத்தில் 35 ஆகிவிடும். பொறியாளர் அந்த 35-ஐ நம்பிச் சுமை கணக்குப் போடுவார். ஆசாரி அதே படத்தை வைத்து ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரம் அறுப்பார், கடைசிக் கைமரம் சுவரில் உட்காராது. ஓட்டு வரிசையின் ஓரத்தில் ஆப்பு வடிவில் ஒரு சந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு, தடயம் அழிவது. அந்தக் கோணல் கட்டும்போதே இருந்ததா, சுவர் பிறகு நகர்ந்ததா? தெரு வளைவுக்கு ஏற்பக் கட்டிய வீடானால் நிலைப்படியும் தரைக்கல் வரிசையும் சுவரோடு சேர்ந்தே சாய்ந்திருக்கும். சுவர் நகர்ந்திருந்தால் தரைக்கல் பழைய கோட்டிலேயே இருக்கும், சுவரோரம் மட்டும் இடைவெளி விட்டிருக்கும். முதல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதில் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். செவ்வகப் படம் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்.

சரியான முறை இதுதான். முதலில் கட்டடம் முழுக்க நடந்து, கையால் ஒரு படம் போடுங்கள். டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் வைத்து, எடுக்காமலே கதவு, ஜன்னல், மாடம் எல்லாவற்றையும் தொடர் அளவாக வாசியுங்கள்: 0.42, 1.36, 2.18 என்று. துண்டு துண்டாக அளந்து கூட்டினால், துண்டுக்கு 5 மி.மீ. பிசகு என்றாலும் பத்துத் துண்டில் 50 மி.மீ. வரை சேரும். ஒருவர் வாசிக்க, எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் கட்டாயம். சுவர்த் தடிமனைக் கழித்துக் கண்டுபிடிக்காதீர்கள், கதவு நிலையருகே நேரடியாக அளந்து, எத்தனை திறப்பு உண்டோ அத்தனையிலும் பாருங்கள்.

உயரத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வைத்து, ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் வீடு முழுக்க ஒரே மட்டத்தில் நூல் கட்டுங்கள். தரை, உத்தரம் இரண்டையும் அந்த நூலிலிருந்தே அளக்க வேண்டும். பழைய தரை மட்டமாக இருக்காது. சுவர் உப்பியிருக்கிறதா என்று பார்க்க, மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு 30 செ.மீ.க்கு ஒரு முறை நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி எடுங்கள். காற்றில் ஆடினால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள், நின்றுவிடும்.

அன்றைக்கே, அங்கேயே 1:50 அளவில் (50 செ.மீ. படத்தில் 1 செ.மீ.) வரையுங்கள். மூலைவிட்டம் முட்டாவிட்டால் மறுபடி அளக்கக் கட்டடம் எதிரிலேயே இருக்கும். லேசர் ஸ்கேனர் இருக்கிறதே என்பவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்கேனர் கோணலைச் சரியாகத்தான் பதிவு செய்கிறது, அதன்மேல் கோடு போடும் கைதான் ஆர்த்தோவை அணைக்க மறக்கிறது.

தொங்கும் தூண்

தர்மபுரி கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலில் அடி தரையைத் தொடாமல் நிற்கும் தூணைப் பார்த்திருப்பீர்கள். அதையும் தரையோடு ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். எல்லாத் தூணும் ஒரே உயரம் என்று எடுத்துக்கொள்வதன் விளைவு இது. இடைவெளியை நான்கு பக்கமும் மெல்லிய தகடு நுழைத்து அளந்து, தனித்தனியாகக் குறியுங்கள். எந்தக் கட்டடத்திலும் இப்படி இடைவெளி கண்டால் ஆப்பு அடிக்கக் கூடாது. சுமை போகும் வழி மாறி, மேலே உத்தரத்தில் விரிசல் விழலாம்.

விரிசல்

வெறும் கோடாக வரையாதீர்கள். அகலம், இரண்டு முனை, தேதி மூன்றும் வேண்டும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்த பிறகே 'ஓடுகிற விரிசல்', அதாவது இன்னும் வளர்கிற விரிசல் என்று எழுதுங்கள்.

சிமெண்ட்

சுண்ணாம்புச் சுவரில் ஏறும் ஈரம் காரை வழியாகவே காய்ந்து வெளியேறும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் முகம் பொடிப்பொடியாக உதிரும். மெட்ராஸ் தளம் (மரத்தூலத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய மொட்டைமாடி) ஒழுகுகிறது என்று மேலே 75 மி.மீ. கான்கிரீட் போடச் சொல்வதும் இதே ரகம். சதுர மீட்டருக்கு 180 கிலோ. மேலே சொன்ன 6-க்கு 4 அறைக்கு நான்கு டன்னுக்கு மேல், அவ்வளவும் பழைய மரத்தூலத்தின் தலையில். முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தூம்புவாயை, அதாவது மழைநீர் வெளியேறும் துளையைப் பாருங்கள்.

வெள்ளையடிப்பைச் சுரண்டுவது

அடியில் ஓவியம் இருக்கலாம். அதியமான்கோட்டைக் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்த்தவர் கை வைக்க மாட்டார்.

நடுகல்லில் சாக்பீஸ்

எழுத்துக்குள் சாக்பீஸ் நிரப்புகிறவர் தான் படித்த எழுத்தைத்தான் நிரப்புகிறார். அடுத்து வருகிறவர் கல்லைப் பார்க்க மாட்டார், சாக்பீஸைத்தான் படிப்பார். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கல்லோடு சேர்த்து அளவுகோலும் படத்தில் விழ வேண்டும்.

அனுமதி

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அதற்குள் யாராவது பழைய வீட்டைப் பழுதுபார்க்க உங்களைக் கூப்பிட்டால், டேப்பை எடுக்கும் முன் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று பாருங்கள். பழுதுபார்க்கவும் அங்கே அனுமதி வேண்டும்.