முதலீடு செய்யும்போது தவக்குல் வைப்பது எப்படி

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை (தவக்குல்) வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீ என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ள அறிவுரை, முதலீட்டாளருக்கும் பொருந்தும்.

முதலில் வட்டி, சூதாட்டம், மது சார்ந்த தொழில்களை விலக்குங்கள். இலாபம் உறுதி என்று சொல்லப்படும் திட்டங்களை இன்னும் கவனமாக ஆராயுங்கள். ஒருவர் முதல் போட, மற்றவர் தொழிலை நடத்தும் முளாரபா கூட்டில் இலாபம் முன்பே பேசிய விகிதப்படி பிரியும். நடத்துபவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை பண நட்டம் முதல் போட்டவரையே சேரும் என்பதால், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைத் தருவதாக ஒருவர் உறுதியளித்தால் அது பெயரளவில் மட்டுமே கூட்டு வணிகம். உறவினரானாலும் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் குர்ஆன் வசனம் (2:282) இருக்கும்போது, எழுதுவதை அவநம்பிக்கை என்று கருத இடமில்லை.

குடும்பச் செலவுக்கும் கடனை அடைக்கவும் உரிய பணத்தைத் தொடாதீர்கள். அறிந்தவர்களிடம் கலந்தாலோசித்து, இறைவனிடம் வழிகாட்டல் வேண்டும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுது, முடிவெடுங்கள். ஆலோசனை, உறுதி, அதன்பின் நம்பிக்கை என்ற வரிசையிலேயே 3:159 வசனம் அமைந்திருப்பது என்னை எப்போதும் நெகிழச் செய்கிறது.

பிறகு விலை இறங்கினால், பதற்றத்தில் விற்காமல், முதலீடு செய்த காரணம் இன்னும் நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைக்கவில்லையெனில் வெளியேறுவது தவக்குலுக்கு முரணன்று. நிஸாபை (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) எட்டிய வணிகச் செல்வத்துக்குச் சந்திர ஆண்டு நிறைந்ததும் 2.5 சதவீத ஸகாத்தை, அதாவது கடமையான தர்மத்தை, கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.