லேபிள் மாறிய சிங்கிள் மால்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க
சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் தயாராகும் விஸ்கி. அதன் பாட்டிலும் லேபிளும் புதிதானால் உள்ளே இருப்பதும் மாறியிருக்குமா? லேபிளின் பொடி எழுத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தயாராகும் புன்னஹாவென் 12 வருட விஸ்கியையே எடுத்துக்கொள்வோம். 2010இல் அதன் ஆல்கஹால் அளவு 40 சதவீதத்திலிருந்து 46.3 ஆனது. குளிரவைத்து வடிகட்டுவதையும் நிறம் சேர்ப்பதையும் விட்டுவிட்டார்கள். வயது மட்டும் அதே 12.

இப்படிப்பட்ட பழையதையும் புதியதையும் அப்படியே ருசித்தால், காட்டம் கூடியதுதான் உசத்தி என்று நாக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். அதனால் புதியதில் 20 மி.லி. அளந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் 3 மி.லி. தண்ணீர் சேருங்கள். ஏறக்குறைய 40க்கு இறங்கிவிடும். லேசாகக் கலங்கினால் பயம் வேண்டாம், வடிகட்டாமல் விட்ட கொழுப்புப் பொருள்கள்தான் அது. ஐஸ் போட்டாலும் இப்படித்தான் ஆகும் (ஒப்பிடும்போது ஐஸ் எதற்கு, மணமே எழும்பாது).

அப்புறம், வாய் குறுகிய ஒரே மாதிரி கிளாஸ்கள் இரண்டில் வேறு யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். எது எதென்று உங்களுக்குத் தெரியக் கூடாது. முதலில் முகருங்கள், பிறகு சின்ன மிடறு. பழைய பாட்டில் வருடக்கணக்கில் பாதி காலியாகக் கிடந்திருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். காற்றுப் பட்டு அதன் மணம் ஏற்கெனவே மங்கியிருக்கும்.