கோப்புப் பாதையிலிருந்து கோப்புறையைப் பிரித்தல்: சி மொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் பயிலும் மாணவர் ஒருவர், தாமிரபரணிப் படுகை அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைத் தொகுக்கும் நிரலைச் சி மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். "/அணைகள்/மணிமுத்தாறு/அக்டோபர்" என்ற பாதை அந்நிரலுக்குத் தரப்படுகிறது. தொகுத்த முடிவை அதே கோப்புறையில் சேமிக்க வேண்டியிருப்பதால், "/அணைகள்/மணிமுத்தாறு" என்னும் முற்பகுதி மட்டும் தேவை.

கடைசிச் சாய்கோட்டை ஸ்டர்ஆர்சார் என்னும் செயற்கூற்றால் தேடி, அவ்விடத்தில் முடிவைக் குறிக்கும் சுழியப் பைட்டை எழுதிச் சரத்தை வெட்டுவதே பலர் கையாளும் வழி. மேற்கண்ட பாதைக்கு அது சரியான விடையைத் தரும். ஆனால் பயனர் அந்தக் கோப்புறைக்குள் இருந்துகொண்டே "அக்டோபர்" என்று மட்டும் தந்தால், சாய்கோடு இல்லாததால், எந்த நினைவக இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டி திரும்பி வரும். அதைச் சோதிக்காமல் எழுதினால் நிரல் முறிந்துவிடும். "/அக்டோபர்" என்று தந்தால் மூலக் கோப்புறையைக் குறிக்கும் "/" கிடைப்பதற்குப் பதிலாக வெற்றுச் சரம் எஞ்சும். "/அணைகள்/மணிமுத்தாறு/" என இறுதியில் சாய்கோடு இருந்தால் அது மட்டுமே வெட்டுப்படும். சரியான விடையோ "/அணைகள்".

இந்த மூன்று நிலைகளையும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலுள்ள, பாதையின் கோப்புறைப் பகுதியைத் தரும் டிர்நேம் செயற்கூறு சரியாகக் கையாள்வதால், லினக்ஸில் சொந்தமாக எழுதுவதைவிட அதைப் பயன்படுத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் அதன் நினைவக விதிகளை அறியாமல் பயன்படுத்தினால், எளிதில் கண்ணில் படாத பிழைகள் நுழைந்துவிடும்.

டிர்நேம் தனக்குத் தரப்படும் சரத்தையே மாற்றக்கூடும். மேற்கோள் குறிக்குள் எழுதிய மாறாச் சரத்தை நேரடியாக அனுப்பினால் லினக்ஸில் பெரும்பாலும் நிரல் முறியும். அதே மாறாச் சரத்தில் சாய்கோடு இல்லையென்றால் எழுத வேண்டிய தேவை எழாததால் பிழை வெளியே தெரியாது. ஆகவே ஸ்டர்டூப் கொண்டு படி எடுத்து, அந்தப் படியையே அனுப்ப வேண்டும்.

அடுத்த தவறு, டிர்நேமிலிருந்து திரும்பி வந்த சுட்டியை விடுவிப்பது, அதாவது அது காட்டும் நினைவகத்தைத் திருப்பித் தருவது. பாதையில் சாய்கோடு இருக்கும்போது அச்சுட்டி பெரும்பாலும் நம் படியின் தொடக்கத்தையே காட்டுவதால், அதை விடுவித்தாலும் எல்லாம் சரியாக நடப்பது போலத் தோன்றும். "அக்டோபர்" என்ற வெறும் பெயர் வரும் நாளில், தற்போதைய கோப்புறையைக் குறிக்கும் "." என்ற நிலையான சரத்தின் சுட்டி திரும்பி வர, அதை விடுவிக்கும் நிரல் முறிந்துவிடும். விடுவிக்க வேண்டியது நாம் எடுத்த படியை மட்டுமே. அதையும் விடையைப் பயன்படுத்தி முடித்த பிறகே செய்ய வேண்டும். டிர்நேம் மறுமுறை அழைக்கப்படும்போது முந்தைய விடை அழியக்கூடும் என்பதால், நீண்ட நேரம் தேவைப்படும் விடையைத் தனியே படியெடுத்து வைப்பது நல்லது.

இவை அனைத்திலும் என்னை அதிகம் அஞ்சவைப்பது ஓசையின்றித் தவறான விடை தருவதுதான். கோப்பின் பெயரை எடுக்கும் பேஸ்நேமை, டிர்நேம் ஏற்கெனவே வெட்டிய அதே படியின் மீது அழைத்தால், "அக்டோபர்" என்பதற்குப் பதிலாக "மணிமுத்தாறு" கிடைக்கும். நிரல் முறியாது, எச்சரிக்கையும் வராது. இரண்டுக்கும் தனித்தனிப் படிகள் எடுக்க வேண்டும்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பதால் தேடலுக்கு ஊறு நேராது. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறியீடு (தனி எழுத்தோ, புள்ளி, கொம்பு போன்ற துணைக்குறியோ) எதற்குள்ளும் சாய்கோட்டின் பைட் வராது. நீளத்தைக் கணக்கிடும்போதுதான் கவனம் தேவை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால், 6 எழுத்துகளாகத் தெரியும் "மணிமுத்தாறு" 11 குறியீடுகளாய், 33 பைட் இடம் கொள்கிறது. எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்கினால் பாதை நடுவிலேயே அறுபடும். ஸ்டர்லென் தரும் பைட் எண்ணிக்கையோடு இறுதிச் சுழியத்துக்காக 1 சேர்த்து ஒதுக்க வேண்டும்.