பெரிய அட்டைப்பெட்டியில் பிள்ளைகளுக்கு ஒரு குட்டி வீடு

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு முற்றம் இல்லாவிட்டாலும், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால், கூடத்தின் மூலையிலேயே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு அமைத்துவிடலாம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள மின்சாரப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முதல் வேலையாக, பெட்டியில் இருக்கும் இரும்புப் பிடிப்பு ஊசிகளை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அட்டையின் நடுவே ஓடும் நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்குமாறு பெட்டியை நிறுத்தினால்தான் சுவர் பாரம் தாங்கும். படுக்கைவாட்டில் இருந்தால் சில நாட்களிலேயே மடிந்து சாய்ந்துவிடும். கதவை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தில் கரண்டிக் காம்பால் அழுத்திக் கோடிழுத்தால், கிழியாமல் அழகாக மடங்கும். கத்தி வேலை பெரியவர்களுடையது. வண்ணம் தீட்டுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம், கோணலாக இருந்தால்தான் என்ன!

நம் ஊரின் ஈரப்பதத்தில் அட்டை விரைவில் நமுத்துப்போகும் என்பதால், தரை துடைக்கும் நீர் ஏறாதபடி அடிப்பகுதியைச் சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அகலமான பிளாஸ்டிக் டேப் ஒட்டுங்கள். மைதாப் பசையைத் தவிர்ப்பது நல்லது. அது கரப்பான் பூச்சிகளுக்கு விருந்து. காற்றோட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு சன்னல்கள் வைத்தால், உள்ளே நடப்பதும் நம் கண்ணில் படும்.