கடைசிப் போட்டிக்கு முன்பே நிகர ஓட்ட வேகம் கணக்கிடுவது எப்படி?

உலகக்கிண்ணமோ ஆசியக்கிண்ணமோ தொடங்கிக் கொஞ்ச நாள் போனால், சனசமூக நிலையத்து ரிவிக்கு முன்னால் எழும் கேள்வி ஒன்றுதான்: "எங்கட ஆக்கள் எத்தனை ஓவருக்குள்ள அடிக்க வேணும்?" கிரிக்கெட்டில் அணிகள் சமபுள்ளியில் நின்றால் யார் மேலே என்று தீர்மானிப்பது நிகர ஓட்ட வேகம் (நெட் ரன் ரேட்): ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழித்தால் வருவது. அதைக் கணக்கிட்டு விடை காண ஒரு கொப்பி, ஒரு பேனை, போனில் இருக்கும் கல்குலேற்றர் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்குத்தான். எந்த எண்ணை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

படி 1: நான்கு நிரல்கள்

ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு நிரல் கீறுங்கள்: எடுத்த ஓட்டங்கள், ஆடிய பந்துகள், கொடுத்த ஓட்டங்கள், வீசிய பந்துகள். உதிரி ஓட்டங்களும் மொத்தத்தில் சேரும். வைட், நோ போல் இரண்டும் ஓட்டத்தில் ஏறும், பந்துக் கணக்கில் ஏறாது.

ஓவரை ஓவராக எழுதாமல் பந்தாக மாற்றி எழுதுங்கள். 37.1 என்பது 37 ஓவரும் ஒரு பந்தும். அதைத் தசமம் என்று நினைத்து அப்படியே கல்குலேற்றரில் அடித்தால் விடை பிழைக்கும். 37 × 6 + 1 = 223 பந்துகள். 50 ஓவர் என்றால் 300.

படி 2: சகல விக்கெட்டுகளும் போனால் 300

ஓர் அணி சகல விக்கெட்டுகளையும் இழந்தால், எத்தனை பந்து ஆடியிருந்தாலும் முழு 300 பந்துகளையும் எழுத வேண்டும். 2023 உலகக்கிண்ணத்தில் மும்பையில் இந்தியா 357 ஓட்டங்கள் எடுக்க, இலங்கை 19.4 ஓவரில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 55ஐ 118 பந்தால் வகுத்தால் ஓவருக்கு 2.80 வரும், அது பிழை. 300ஆல் வகுத்தால் 1.10, அதுதான் சரி. பந்துவீசிய இந்தியாவின் பக்கத்திலும் "வீசிய பந்துகள்" 300 என்றே ஏறும். இந்த இரண்டாவது இடத்தைப் பலர் மறந்துவிடுவார்கள்.

படி 3: கூட்டி, வகுத்து, கழியுங்கள்

(எடுத்த ஓட்டங்கள் ÷ ஆடிய பந்துகள் × 6) − (கொடுத்த ஓட்டங்கள் ÷ வீசிய பந்துகள் × 6)

முதலில் எல்லாப் போட்டிகளின் எண்களையும் கூட்ட வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வேகம் கண்டு சராசரி எடுத்தால் விடை மாறிவிடும்.

ஒரேயொரு மோசமான நாள் தொடர் முழுவதும் துரத்தும் என்பதற்கு 2019 உலகக்கிண்ணத்தைப் பாருங்கள். பாகிஸ்தான் தன் முதல் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்டது. எதிரணி 13.4 ஓவரில் 108 அடித்து முடித்தது. கடைசியில் பாகிஸ்தானும் நியூஸிலாந்தும் 11 புள்ளிகள், 5 வெற்றிகள் என்று சமமாக நின்றும், நிகர ஓட்ட வேகத்தால் நியூஸிலாந்து அரையிறுதிக்குப் போனது.

படி 4: இலக்கு மட்டும் போதாது, ஒரு பட்டியல் வேண்டும்

மிக முக்கியமான படி இதுதான். 2023 செப்டெம்பர் 5, லாகூர், ஆசியக்கிண்ணம். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் வென்றால் பங்களாதேஷையும் சேர்த்துக் குழுவின் மூன்று அணிகளுக்கும் தலா 2 புள்ளிகள், அடுத்த சுற்றுக்குப் போவதோ இரண்டு அணிகள்தான். பங்களாதேஷ் ஏற்கெனவே மேலே நின்றதால் போட்டி இலங்கைக்கும் ஆப்கானுக்கும் இடையில்தான். அன்றைய கொப்பி இப்படி இருந்திருக்கும்:

இலங்கை: எடுத்தது 165 + 291 = 456, ஆடியது 234 + 300 = 534. முந்திய போட்டியில் கொடுத்தது 300 பந்தில் 164.
ஆப்கானிஸ்தான்: முந்திய போட்டியில் எடுத்தது 300 பந்தில் 245. இரண்டிலும் கொடுத்தது 600 பந்தில் 334 + 291 = 625.

இலக்கான 292ஐ 37.1 ஓவரில் (223 பந்து) எட்டினால் ஆப்கான் −0.089, இலங்கை −0.108: ஆப்கான் உள்ளே. அதே 292ஐ ஒரு பந்து பிந்தி எட்டினால் ஆப்கான் −0.101, இலங்கை −0.098: இலங்கை உள்ளே.

37 ஓவர் முடிவில் ஆப்கான் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் பிடி கொடுத்து ஆட்டமிழந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பரூக்கி அடுத்த இரண்டு பந்துகளையும் தடுத்தாடினார். நான்காவதில் எல்பிடபிள்யூ. மறுமுனையில் 16 பந்தில் 27 ஓட்டங்களோடு ரஷித் கான் நின்றார்.

ஆனால் வாசல் அப்போது மூடப்படவில்லை. வெற்றி ஓட்டம் நான்காகவோ ஆறாகவோ வந்தால் மொத்தம் 292ஐத் தாண்டும், அதற்கேற்ப அவகாசமும் நீளும்:

293 – 37.2 வரை
294 – 37.3 வரை
295 – 37.5 வரை
296 – 38.0 வரை
297 – 38.1 வரை

பரூக்கி ஓர் ஓட்டத்தைத் தட்டி ரஷித்திடம் துடுப்பைக் கொடுத்து, அவர் 38ஆவது ஓவர் முடிவதற்குள் ஓர் ஆறு அடித்திருந்தாலும் 296, அதாவது அடுத்த சுற்று. இந்தக் கணக்குத் தங்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜொனதன் ட்ரொட் பின்னர் சொன்னார். முதல் இன்னிங்ஸ் முடிந்த இடைவேளையிலேயே, இலக்கிலிருந்து இலக்கு + 5 வரை ஆறு வரிகள் போட்டுப் பாருங்கள். துரத்தும் அணி சமநிலையில் நிற்கும்போது அடிக்கும் ஓர் ஆறுதான் மேல் எல்லை.

படி 5: மழை

முடிவில்லாமல் கைவிடப்பட்ட போட்டிக்குப் புள்ளி பகிரப்படும், ஆனால் அதன் ஓட்டங்கள் கொப்பியில் ஏறாது. மழையால் ஓவர்கள் குறைந்து டக்வத் லூயிஸ் ஸ்டேர்ன் முறைப்படி இலக்கு மாற்றப்பட்டால், முதலில் ஆடிய அணிக்கு அது உண்மையில் எடுத்த ஓட்டங்களை எழுத வேண்டாம். திருத்திய இலக்கில் ஒன்று குறைத்து, இரண்டாவது அணிக்கு ஒதுக்கப்பட்ட ஓவர்களோடு எழுதுங்கள்.

1904 முதல் யாழ்ப்பாணத்தின் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமரில் இரண்டே அணிகள் என்பதால் இந்தக் கணக்குக்கு அங்கே வேலையில்லை. ஊர்க் கழகங்கள் நடத்தும் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் குழுநிலை ஆட்டம் இருந்தால் கட்டாயம் வேண்டும். அது 10 ஓவர் போட்டியென்றால் 300க்குப் பதிலாக 60 போடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. ஆனால் சமபுள்ளி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது, வெற்றிகளின் எண்ணிக்கையா, இரு அணிகளும் மோதிய போட்டியின் முடிவா, ஓட்ட வேகமா என்பதை முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே எழுதி, எல்லாத் தலைவர்களிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.