இஞ்சி போடாத மாட்டுக்கறி: ஸ்லோ குக்கரில் மெக்சிகன் பாணியில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பெரம்பூர். "பிரியாணிக்காம்மா, சுக்காவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே பாய் கத்தியை ஓங்கிவிட்டார். "வெட்டாதீங்க பாய், அப்படியே முழுசா குடுங்க" என்றதும் கை நின்றது. "முழுசாவா? வேகாதும்மா." அவர் சொன்னது பிரஷர் குக்கர் கணக்கு. என் கணக்கு ஸ்லோ குக்கரில், அதாவது கரண்டில் குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கிற பாத்திரத்தில், பத்து மணி நேரம்.

ஸ்பானிய மொழியில் இந்தக் கறிக்குக் கார்னே தெசெப்ராதா என்று பெயர். எப்ரா என்றால் நூல். கறியை நூல் நூலாகப் பிரிக்க வேண்டும், அதனால்தான் துண்டு போடக் கூடாது. சின்னத் துண்டாக வெட்டினால் நூலும் சின்னதாகிவிடும், கடைசியில் கொத்துக்கறி மாதிரி ஆகிவிடும். ஒரு கிலோவை இரண்டே துண்டாக வாங்குங்கள்.

எந்த இடத்துக் கறி? தோள்பட்டை, அல்லது கெண்டைக்கால். ஜவ்வு ஓடுகிற, மற்றவர்கள் ஒதுக்குகிற பகுதிதான் நமக்கு வேண்டும். அந்த ஜவ்வு மெதுவான சூட்டில் பல மணி நேரம் இருந்தால் கரைந்து, குழம்பை உதட்டில் ஒட்டுகிற பதத்துக்குக் கொண்டுவரும். ஜவ்வே இல்லாத மெத்தென்ற கறியை இப்படிச் சமைத்தால் சக்கைதான் மிஞ்சும். நம் ஊர்க் கடைகளில் எருமைக்கறியும் உண்டு. நிறம் கறுத்து, கொழுப்பு வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். தாராளமாக வாங்கலாம், வேக ஒரு மணி நேரம் கூட ஆகலாம்.

ஸ்லோ குக்கர் விஷயம். மூன்றரை லிட்டர் அளவு போதும். வாங்கும்போது 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரியம்மா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததை நான் அடாப்டர் போட்டுச் செருகினேன். அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தைத்தான், வோல்ட்டை இல்லை என்பது ஒரு கருகல் வாசனைக்குப் பிறகு புரிந்தது. அங்கே 120 வோல்ட். இப்போது இருப்பது இங்கேயே வாங்கியது, 200 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்தான்.

மசாலாவுக்கு வருவோம். காஷ்மீரி மிளகாய் எட்டு, உறைப்புக்குக் குண்டு மிளகாய் இரண்டு, சீரகம் ஒன்றரை டீஸ்பூன், கிராம்பு மூன்று, விரல்நுனி அளவு பட்டை, பூண்டு எட்டுப் பல், பெரிய வெங்காயம் இரண்டு, புளிப்பான நாட்டுத் தக்காளி மூன்று, வினிகர் இரண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். மெக்சிகோவில் ஆஞ்சோ, குவாஹியோ என்று காய்ந்த மிளகாயிலேயே பல வகை. காரத்தைவிட நிறத்துக்கும் வாசனைக்கும் போடுவார்கள். நம்மிடம் அந்த வேலைக்குப் பொருத்தம் காஷ்மீரிதான்.

ஆரிகானோவும் கேட்கும். மெக்சிகோ ஆரிகானோ வேறு செடி, பீட்சாவோடு வரும் பொட்டலத்தில் இருப்பது வேறு செடி. நான் இரண்டையும் விட்டுவிட்டு, பால்கனித் தொட்டியிலிருந்து நாலு கற்பூரவள்ளி இலையைக் கிள்ளிப் போடுகிறேன். சளிக்குக் கஷாயம் வைக்கிற அதே இலைதான். கியூபன் ஆரிகானோ என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. நாலுக்கு மேல் போனால் கறி கஷாயமாகிவிடும்.

எதைப் போடக் கூடாது என்பது அதைவிட முக்கியம். இஞ்சி வேண்டாம். மஞ்சள் தூள், மல்லித் தூள், கறிவேப்பிலை, கரம் மசாலா எதுவும் வேண்டாம். "இஞ்சி பூண்டு விழுது இல்லாம கறியா?" என்று அம்மா இரண்டு தடவை அடுப்படிக்கு வந்து கேட்டாள். போட்டால் நல்ல சுக்கா கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாம் செய்ய வந்தது அது இல்லை.

தோசைக்கல்லை அடுப்பில் வையுங்கள். அங்கே இதற்குக் கோமால் என்று பெயர், வேலை ஒன்றுதான். மிளகாயின் காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, சூடான கல்லில் ஒரு பக்கம் பத்து விநாடி, மறுபக்கம் பத்து விநாடி. மணம் வந்ததும் எடுங்கள். கறுத்துவிட்டால் அந்த மிளகாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒன்றே ஒன்று கருகினாலும் மொத்தமும் கசக்கும். வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். அதே கல்லில் பாதியாக நறுக்கிய வெங்காயம், முழுத் தக்காளி, தோலோடு பூண்டு. இவை மட்டும் நன்றாகக் கருகலாம். தக்காளித் தோல் கறுத்து வெடித்து, சாறு கல்லில் விழுந்து சீறுகிற வரை விடுங்கள். அந்தப் புகை வாசனையை ஸ்லோ குக்கரால் தர முடியாது.

பூண்டை உரித்து, எல்லாவற்றையும் சீரகம், கிராம்பு, பட்டையோடு மிக்ஸியில் மையாக அரையுங்கள். காஷ்மீரி மிளகாயின் தோல் பல்லில் மாட்டும், அதனால் வடிகட்டிவிடுவேன்.

கறியை ஈரம் போகத் துடைத்து, உப்புத் தடவி, இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் எல்லாப் பக்கமும் பழுப்பாகும் வரை வாட்டி எடுங்கள். அதே வாணலியில் அரைத்த விழுதை ஊற்றி ஐந்து நிமிடம் வதக்கினால் பச்சை வாசனை போய்விடும். கறி, விழுது, வினிகர், கற்பூரவள்ளி எல்லாம் குக்கருக்குள். தண்ணீர் அரை டம்ளர் மட்டும். பத்தாது என்று தோன்றும். ஆவி வெளியே போகாது, கறியே தண்ணீர் விடும். மூடியைப் போட்டு லோ-வில் ஒன்பது பத்து மணி நேரம், அவசரமானால் ஹை-யில் ஐந்தாறு மணி நேரம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை நேராகப் போடாதீர்கள், முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். கூடவே வேகட்டும் என்று ராஜ்மாவையும் பச்சையாகப் போடக் கூடாது. அதிலிருக்கும் நச்சு இந்தக் குறைந்த சூட்டில் போகாது. தனியாக ஊறவைத்து, பத்து நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும்.

இனிமேல்தான் நமக்குக் கஷ்டமான வேலை: ஒன்றும் செய்யாமல் இருப்பது. மூடியைத் திறந்து கிளறி, உப்புப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றியே பழகிய கை. ஒவ்வொரு முறை திறந்தாலும் இறங்கிய சூடு பழையபடி ஏற அரை மணி நேரம் வரை ஆகும். இந்தப் பாத்திரம் பிறந்த கதையே அதுதான். 1940-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சனின் குடும்பம் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். ஓய்வுநாளில் அவர்கள் தீ மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி மாலையே பானையை பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள்தான் எடுப்பார்களாம். அவருடைய அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை வந்தது.

நடுவில் கரண்ட் போனால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. சற்று நேரத்தில் வந்துவிட்டால் பரவாயில்லை, மூடியைத் திறக்காமல் இருங்கள். அரை மணி தாண்டினால் பிரஷர் குக்கருக்கு மாற்றி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். வெளியே போயிருந்தபோது எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டால், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

பதம் பார்க்க ஃபோர்க்கைக் குத்தித் திருப்புங்கள். தானாக விரிந்து வர வேண்டும். ரப்பர் மாதிரி எதிர்த்தால் அதிகம் வெந்துவிட்டது என்று நினைத்துப் பயப்படாதீர்கள், இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். மூடி, இன்னும் ஒரு மணி நேரம்.

வெந்ததைத் தட்டில் எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு ஃபோர்க்கால் நார் போகிற போக்கிலேயே இழுத்துப் பிரியுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, குழம்பை வாணலியில் பாதியாக வற்றவிட்டு, கறியை அதில் புரட்டி, ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மெக்சிகோவில் பிழிவதும் நம் சின்ன எலுமிச்சைதான். அது ஆசியாவிலிருந்து அங்கே போனது, மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து வந்தன.

மெக்சிகோவில் இதைச் சுற்றிச் சாப்பிடுகிற மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியாவுக்கு நம் கடை மக்காச்சோள மாவு சரிப்படாது. அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பதால்தான் மாவு ஒட்டிக்கொண்டு விரிகிறது. நம்முடையது கையிலேயே உதிரும். மெல்லிய சப்பாத்தி போதும். மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லி, கிடைத்தால் இரண்டு கீற்று பட்டர் ஃப்ரூட்.

மிஞ்சினால் குழம்போடு டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் காலை அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காய்ந்த தோசைக்கல்லில் பரப்பினேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று ஆனதும் மேலே மாவை ஊற்றித் தோசையாக்கினேன். அம்மா இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இஞ்சியைப் பற்றிப் பேச்சில்லை.