410 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டில் கடினத்தன்மை பார்ப்பது எப்படி? சவர் சர்வீஸுக்கான செய்முறை

காஸ்பியன் கடலில் உள்ள காஷகான் எண்ணெய் வயல் 2013 செப்டம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. சில வாரங்களிலேயே குழாய்களில் கசிவு; அக்டோபரில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டதில் குழாய்கள் விரிசல் விட்டிருந்தன. இந்த வாயு இருக்கும் சூழலைத்தான் சவர் சர்வீஸ் என்கிறோம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் குழாயை மாற்றி, மறுபடி எண்ணெய் எடுக்க 2016 ஆகிவிட்டது.

அது கார்பன் ஸ்டீல். நம்முடையது ஸ்டெயின்லெஸ், பயமில்லை என்று 410 வகையில் மட்டும் நினைக்காதீர்கள். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம். வெல்டிங் சூட்டிலிருந்து காற்றில் ஆறினாலே மார்ட்டென்சைட்டாக, அதாவது மிகக் கடினமான, எளிதில் உடையும் அமைப்பாக, இறுகிவிடும். வெல்டை ஒட்டிய, சூடு பாதித்த பகுதி (ஹெச்ஏஇசட் என்போம்) விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவில் 400-ஐச் சுலபமாகத் தொடும். சல்ஃபைடு இருக்கும் இடத்தில் அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் வாயுவாகப் போகாமல் உலோகத்துக்குள் நுழைகிறது. உள்ளே ஹைட்ரஜன், மேலே இழுவிசை, இடமோ கடினம். விரிசலுக்கு வேறென்ன வேண்டும்?

சவர் சர்வீஸ் உலோகங்களுக்கான தரநிலை நேஸ் எம்ஆர்0175, அதாவது ஐஎஸ்ஓ 15156. அதன் மூன்றாம் பாகத்தில் 410-க்கு உச்சவரம்பு 22 ராக்வெல் சி (இன்னொரு கடினத்தன்மை அளவு). விக்கர்ஸில் சுமார் 248. இந்த எண்ணை டூப்ளெக்ஸ், 316 போன்ற மற்ற ஸ்டெயின்லெஸ் வகைகளுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவற்றின் கணக்கு வேறு.

முதல் படி: வெல்டிங்கும் டெம்பரிங்கும் (இறுகியதை மறுபடி சூடாக்கி மென்மையாக்குவது). பொதுவாக 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை முன்சூடு கொடுப்பார்கள். முடித்ததும் சூட்டோடு உலையில் தள்ளக் கூடாது. 100 பாகை அளவுக்கு ஆறவிடுங்கள். மார்ட்டென்சைட் முழுதாக உருவானால்தான் டெம்பரிங் அதை மென்மையாக்கும். தரநிலை கேட்பது குறைந்தது 621 பாகை, நடைமுறையில் 750 பாகையை ஒட்டிச் செய்வார்கள். ரொம்ப ஏற்றினால் ஒரு பகுதி மறுபடி ஆஸ்டெனைட்டாகி (அதிக சூட்டில் இருக்கும் அமைப்பு), ஆறும்போது புதிதாக இறுகும். அதனால் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வெல்டின் மேலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: மேக்ரோ துண்டு. வெல்டின் குறுக்கே வெட்டி, நீர் ஊற்றியபடி தேய்த்து, பாலிஷ் போட்டு எட்ச் செய்யுங்கள் (அமிலம் தடவி அமைப்பைத் தெரியவைப்பது). உருகிய எல்லைக்கோடு தெளிவாகத் தெரியாவிட்டால் மேலே போக வேண்டாம். அந்தக் கோடு இல்லாமல் ஹெச்ஏஇசட்டைக் குத்துவது குருட்டு வேலை.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. ராக்வெல் மெஷின் 150 கிலோ விசையில் குத்தும்; குழி பெரிது, ஒடுங்கலான ஹெச்ஏஇசட்டைத் தனியாகக் காட்டாது. விக்கர்ஸ் 10 கிலோ விசையே நல்லது. கேப் (வெல்டின் மேல்பக்கம்) பரப்புக்குக் கீழே 1.5 மி.மீ.யில் ஒரு வரிசை, ரூட் (வெல்டின் அடிப்பக்கம், குழாயில் உள்பக்கம்) பரப்பிலிருந்து 1.5 மி.மீ.யில் ஒன்று, தடிமன் இருந்தால் நடுவில் ஒன்று. ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்க பேஸ் மெட்டலில் (வெல்டின் சூடு பாதிக்காத மூல உலோகம்) தொடங்கி, ஹெச்ஏஇசட், வெல்டு, மறுபக்க ஹெச்ஏஇசட் என்று போய் மறுபக்க பேஸ் மெட்டலில் முடியட்டும். ஹெச்ஏஇசட்டின் முதல் குத்து எல்லைக்கோட்டை எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி விழ வேண்டும். குழிக்குக் குழி, மையத்திலிருந்து மையத்துக்கு, குழியின் மூலைவிட்டத்தின் மூன்று மடங்காவது இடைவெளி விடுங்கள்.

விக்கர்ஸ் எண்ணின் கணக்கு எளிது. 1.854-ஐ விசையால் பெருக்கி, மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விசை கிலோவில், மூலைவிட்டம் மி.மீ.யில். 10 கிலோவில் 248 என்றால் மூலைவிட்டம் 0.273 மி.மீ. குழி அதைவிடச் சிறிதாக விழுந்தால் அந்த இடம் தேறவில்லை.

சரி, ஒரே ஒரு குத்து 265 காட்டி, மற்றதெல்லாம் 230 என்றால்? சராசரி எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விரிசல் சராசரியில் தொடங்காது, அந்த 265-ல்தான் தொடங்கும். அதுவும் ரூட் வரிசையில் வந்திருந்தால் வாயு நேராகத் தொடும் பக்கம் அது. உலையின் வரைபடத் தாளை எடுத்து, சூடு எவ்வளவு நேரம் நின்றது என்று முதலில் பாருங்கள். அப்புறம் புதிய டெஸ்ட் கூப்பன் (சோதனைக்காக வெல்ட் செய்யும் மாதிரித் துண்டு) போடுங்கள்.